இரவில் சூரியன் எங்கே போகிறது?

சென்ற இதழில், சூரியனை வணங்கிய பழைய நாகரிகங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை என் மேசையில் அடுக்கினால், பக்கத்தில் இருக்கும் உலக உருண்டையின் நிலநடுக்கோடு வரை வருகின்றன. முப்பத்திரண்டு ஆண்டு பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான். உருண்டையை விட்டு வேறு எதைக்கொண்டும் அளக்கத் தெரியாது. பாராட்டி எழுதியவர்களுக்கு நன்றி. அவர்களுக்குச் சொல்ல வேறு பதில் இல்லை. திட்டி எழுதியவரிடமிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: அப்பல்லோவைக் கிரேக்கர்களின் சூரியக் கடவுள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹோமரைப் படித்ததே இல்லையா?

படித்திருக்கிறேன். எழுதும்போது மறந்துவிட்டேன். குட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஹோமரின் போர்க் காவியமான இலியட்டின் தொடக்கத்திலேயே அப்பல்லோ வருகிறான். தோளில் வில், கோபத்தில் குலுங்கும் அம்புகள். கிரேக்கப் படைக்குள் கொள்ளைநோயை எய்கிறான். அவன் மலையிலிருந்து இறங்கி வந்த விதத்துக்குக் கவி சொல்லும் உவமை, ‘இரவைப் போல வந்தான்’ என்பது. சூரியக் கடவுளுக்கு யாராவது அப்படி உவமை சொல்வார்களா? கிரேக்கர்களின் சூரியன் ஹீலியோஸ். டைட்டன் என்னும் மூத்த தலைமுறைத் தெய்வங்களில் ஒருவனான ஹைப்பீரியனின் மகன். நிலவான செலினியும் வைகறையான ஈயோஸும் அவனுக்கு உடன்பிறந்தவர்கள். ரோட்ஸ் தீவில் ஏறத்தாழ 33 மீட்டர் உயரத்துக்கு நின்று, கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்த வெண்கலச் சிலையும் ஹீலியோஸுடையதுதான். அப்பல்லோவையும் அவனையும் ஒருவராக்கியது பின்னால் வந்தவர்களின் வேலை. அந்தக் கலப்படத்துக்கு இருபத்தைந்து நூற்றாண்டு வயதாகிவிட்டது என்பது மட்டுமே எனக்கு ஆறுதல்.

கேள்வி: இரவில் சூரியன் எங்கே போகிறது என்று என் ஆறு வயது மகள் கேட்கிறாள். பூமி சுழல்வதை விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, ‘சரி, சூரியன் எங்கே போகிறது?’ என்கிறாள். என்ன சொல்வது?

அவளைக் குறை சொல்லாதீர்கள். டார்ச் விளக்கையும் உருண்டையையும் வைத்துக்கொண்டு நான் நாற்பது நிமிடம் விளக்குவேன். வகுப்பே தலையாட்டும். மணி அடித்த பிறகு கடைசி வரிசைப் பையன் ஒருவன் மேசைக்கு வந்து இதே கேள்வியைக் கேட்பான். ஆண்டுக்கு ஒருவனாவது இருந்தான்.

சூரியக் கடவுளரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது, வெளிச்சத்தின் புகழ்ச்சியைத்தான் எதிர்பார்த்தேன். புகழ்ச்சி இருக்கிறது, ஆனால் கதை என்று எடுத்தால் பெரும்பாலும் இருட்டில்தான் நடக்கிறது. பகலில் சூரியன் என்ன செய்கிறது என்பது அண்ணாந்து பார்க்கும் எவருக்கும் தெரியும். தெரியாத பாதியைத்தானே கதையால் நிரப்ப வேண்டும்?

எகிப்தியர்கள் நிரப்பியதைப் போல யாரும் நிரப்பவில்லை. அவர்களின் சூரியக் கடவுள் ரா, பகலில் ஒரு படகில் வானத்தைக் கடக்கிறார். மேற்கில் அடைந்ததும் வேறு படகுக்கு மாறி, துவாத் என்னும் கீழுலகுக்குள் நுழைகிறார். இரவுக்குப் பன்னிரண்டு மணி. ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஊர் போல ஒரு வெளி, அதற்கென்று காவலர்கள், பெயர்கள். அரசர்களின் பள்ளத்தாக்கில் மூன்றாம் துத்மோஸின் கல்லறைச் சுவர் முழுக்க இந்தப் பயணம் வரையப்பட்டிருக்கிறது. பெரிய பாப்பிரஸ் சுருளைப் பிரித்துச் சுவரில் ஒட்டியதைப் போல. நடுநிசியில் ரா, கீழுலகின் அரசனான, இறந்துபோன ஒசைரிஸின் உடலோடு ஒன்றாகிறார். அடுத்த மணியில் அபெப் என்னும் பாம்பு ஆற்று நீரை எல்லாம் குடித்துவிடுகிறது. படகு மணலில் தட்டி நிற்கிறது. மந்திரத்தால்தான் அதைத் தாண்டியாக வேண்டும். கடைசி மணிதான் எனக்குப் பிடித்தது: படகை ஒரு பாம்பின் வால் வழியாக உள்ளே இழுத்து, வாய் வழியாக வெளியே கொண்டுவருகிறார்கள். உள்ளே போகும்போது எல்லோரும் கிழவர்கள். வெளியே வரும்போது குழந்தைகள். அதன் பெயர்தான் விடியல்.

இதைக் கதையாகக் கேட்டுவிட்டு அவர்கள் தூங்கப் போய்விடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கோயில்களில் அபெப்பை மெழுகில் செய்து, அதன்மீது துப்பி, இடக்காலால் மிதித்து, நெருப்பில் போட்டார்கள். நாளைக்குச் சூரியன் வருவதற்கு மனிதனும் கொஞ்சம் உழைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்.

கிரேக்கர்கள் இதைச் சுருக்கமாக முடித்துவிட்டார்கள். ஹீலியோஸ் மேற்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு பெரிய தங்கக் கிண்ணத்தில் ஏறி, உலகைச் சுற்றி ஓடும் ஓசியானஸ் ஆற்றில் மிதந்தபடியே கிழக்குக்கு வந்துவிடுகிறான். மாவீரன் ஹெராக்ளீஸ் ஒருமுறை அந்தக் கிண்ணத்தை இரவல் வாங்கினான் என்றுகூடக் கதை உண்டு.

எழுத்தே இல்லாமல் இதற்குப் பதில் சொன்னவர்களும் இருக்கிறார்கள். 1902ஆம் ஆண்டு டென்மார்க்கில் ட்ரண்ட்ஹோம் என்ற சதுப்பு நிலத்தில் ஒரு சிறு வெண்கல வண்டி கிடைத்தது. காலம் ஏறத்தாழ கி.மு. 1400. ஒரு குதிரை; அதன் பின்னால் சக்கரங்களின் மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு வட்டத் தகடு. தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் தங்கம் பூசியிருக்கிறது. மறுபக்கம் வெறும் வெண்கலம். தெற்கே பார்த்து நின்று, குதிரையை இடமிருந்து வலமாக, அதாவது கிழக்கிலிருந்து மேற்காக நகர்த்தினால் தங்கம் தெரியும். திருப்பிக் கிழக்கே கொண்டுவந்தால் இருண்ட முகம்தான் தெரியும். சூரியன் எங்கேயும் போகவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி வருகிறது! கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டியை நான் நான்கு முறை சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் காவலர் என்னைச் சுற்றத் தொடங்கிவிட்டார். உங்கள் மகளுக்கு இந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள். பூமி சுழல்வதை ஏழு வயதில் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: சூரியனின் ஏழு குதிரைகள் ஒளியின் ஏழு நிறங்களைக் குறிப்பவைதானே? நம் முன்னோர் நியூட்டனுக்கு முன்பே அறிந்திருந்தார்கள் அல்லவா?

இல்லை. வானவில்லில் நிறங்களை ஏழாக எண்ணியது 17ஆம் நூற்றாண்டில் நியூட்டன் செய்த ஏற்பாடு. இசையின் ஏழு சுரங்களோடு பொருந்த வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. ஒளியே தன்னை ஏழாக வெட்டிக்கொண்டு வருவதில்லை. ரிக்வேதத்திலோ ஏழு குதிரைகளும் உண்டு, ‘ஏழு பெயர் கொண்ட ஒரே குதிரை’யும் உண்டு. ஹீலியோஸுக்கு நான்கு குதிரை, வடபுல நார்ஸ் மக்களின் சூரியனுக்கு இரண்டு, டென்மார்க்கின் வெண்கலச் சூரியனுக்கு ஒன்று. இவர்கள் எல்லாம் எத்தனை நிறம் கண்டார்கள்? முன்னோரின் பெருமைக்கு அவர்களுடைய கவிதை போதும். இயற்பியல் தேர்வில் அவர்களை உட்காரவைக்க வேண்டாம்.

கேள்வி: சூரியன் ஆண், நிலா பெண் என்பது எல்லா நாட்டிலும் பொதுவானதா?

பொதுவானது இல்லை என்பதோடு, சில இடங்களில் நேர் தலைகீழ். நார்ஸ் புராணத்தில் சோல் என்னும் சூரியன் பெண். மானி என்னும் நிலா அவளுடைய சகோதரன். ஸ்கோல் என்னும் ஓநாய் அவளை வானம் முழுக்கத் துரத்துகிறது. கடைசியில் பிடித்தும் விடும். ஆனால் அதற்கு முன் அவள் ஒரு மகளைப் பெற்றிருப்பாள், அந்த மகள் தாயின் பாதையில் போவாள் என்பது கதை. ஜெர்மன் மொழியில் இன்றும் சூரியன் பெண்பால், நிலா ஆண்பால். பால்டிக் மக்களின் சௌலே பெண். ஜப்பானின் அமதெராசு பெண். இன்றைய துருக்கியில் ஆண்ட ஹிட்டைட்டுகள் தங்கள் நாட்டின் தலைமைத் தெய்வமாக வணங்கியது அரின்னா நகரின் சூரியதேவியை. எகிப்தின் இரண்டாம் ராம்சேஸோடு அவர்கள் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையின் வெள்ளிப் பட்டயத்தில் அவளுடைய முத்திரை இருந்தது என்று எகிப்தியக் கல்வெட்டே சொல்கிறது.

இதைவிட வேடிக்கை, ஒரே சொல்லே பால் மாறுவது. பாபிலோனில் ஷமாஷ் ஆண். அந்தச் சொல்லுக்கு உறவான ஷபாஷ், சிரியக் கடற்கரையின் உகாரித் நகரில் பெண். ‘தெய்வங்களின் விளக்கு’ என்று அவளுக்குப் பட்டம். அரபியில் ஷம்ஸ் இன்றும் பெண்பால்.

தமிழில்? தொல்காப்பியர் இந்தச் சண்டைக்கே வரவில்லை. காலம், உலகம், உயிர், உடம்பு என்று தொடங்கும் பத்துச் சொற்களை அடுக்குகிறார். அவற்றில் ஞாயிறும் திங்களும் உண்டு, கடைசியில் சொல் என்பதே உண்டு. இவை உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் ஆண், பெண் என்று பால் பிரிந்து நிற்பதில்லை என்கிறார். அதனால்தான் ‘ஞாயிறு பட்டது’. ‘பட்டான்’ இல்லை, ‘பட்டாள்’ இல்லை. வடமொழியிலிருந்து சூரியன் வந்தபோது அன் விகுதியோடு ஆணாக வந்தான். ‘உதித்தான்’ என்று எழுத நமக்கும் கை வந்தது. இந்தப் பத்தியில் நான் ஞாயிறு என்றும் சூரியன் என்றும் மாறி மாறி எழுதுவது தடுமாற்றம்தான். இரண்டையும் விட மனம் இல்லை.

கேள்வி: பாபிலோனில் சூரியன் நீதிக் கடவுள் என்று எழுதியிருந்தீர்கள். வெயிலுக்கும் நீதிக்கும் என்ன தொடர்பு?

மேலே நின்று எல்லாவற்றையும் பார்க்கும் சாட்சி வேறு யார்? காதல் தெய்வம் ஆஃப்ரோடைட்டியின் கள்ளக் காதலைக் கணவனிடம் போட்டுக்கொடுத்தது ஹீலியோஸ். விளைச்சல் தெய்வம் டிமீட்டரின் மகளைத் தூக்கிச் சென்றது யார் என்று சொன்னதும் அவன்தான். கிரேக்கர்களிடம் சாட்சியாக நின்றுவிட்ட சூரியனை மெசொபொத்தேமியர்கள் நீதிபதியாகவே உட்காரவைத்தார்கள்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஹம்முராபியின் சட்டக்கல் இருக்கிறது. கறுத்த கல், இரண்டேகால் மீட்டர் உயரம். கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய நாட்டில் பொறித்தது. அண்டை நாடான ஏலாமின் அரசன் ஒருவன் கொள்ளைப் பொருளாகத் தூக்கிச் சென்றதால் 1901-02இல் ஈரானின் சூசாவில் கிடைத்தது. நான் போயிருந்தபோது எல்லோரும் குனிந்து, ‘கண்ணுக்குக் கண்’ எந்த வரியில் இருக்கிறது என்று ஆப்பெழுத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரிந்தவர்போல ஒருவர் விரலால் காட்டியும் கொடுத்தார். உச்சியைப் பார்த்தவர்கள் குறைவு. அங்கேதான் ஷமாஷ் உட்கார்ந்திருக்கிறார். தோள்களிலிருந்து தீக்கதிர்கள் கிளம்புகின்றன, காலடியில் மலை. அரசன் எதிரே நிற்கிறான். ஷமாஷ் அவனிடம் கோலையும் வளையத்தையும் நீட்டுகிறார்.

பழைய முத்திரைகளில் ஷமாஷின் கையில் ரம்பம் இருக்கும். காலையில் இரண்டு மலைகளுக்கு நடுவே அறுத்துக்கொண்டு வெளியே வருகிறார். அக்காடிய மொழியில் தீர்ப்பளிப்பதற்கான சொல்லும் ‘வெட்டு, பிரி’ என்ற வேரிலிருந்து வந்ததுதான். நாமும் அறுதியிட்டுச் சொல் என்கிறோம். அந்த அறுதியும் அறுப்பதுதான்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். மெசொபொத்தேமியர்களுக்கு நிலாதான் தந்தை, சூரியன் மகன். இரவு முதலில், பகல் பிறகு.

கேள்வி: சூரியனை மட்டுமே ஒரே கடவுளாக வணங்கச் சொன்ன எகிப்திய அரசன் ஆகெனாதென் ஒரு புரட்சியாளர். அவரை மக்கள் ஏன் உடனே மறந்தார்கள்?

மறக்கவில்லை, மெனக்கெட்டு அழித்தார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் நான்காம் அமெனோதெப் என்ற பெயரோடு அரியணை ஏறியவர், பெயரை மாற்றிக்கொண்டு, பழைய கோயில்களை ஓரங்கட்டி, இன்றைய அமர்னாவில் புதுத் தலைநகர் கட்டினார். அவருடைய கடவுள் அத்தென்: மனித உருவம் இல்லை, விலங்குத் தலை இல்லை, வெறும் வட்டம். அதிலிருந்து இறங்கும் கதிர்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கையில் முடியும். உலகச் சிற்பக்கலையில் இதைவிட அழகான சூரியனை நான் கண்டதில்லை.

அந்தக் கைகள் யாரிடம் நீள்கின்றன என்று பாருங்கள். உயிரின் குறியான அங்க்கை அவை நீட்டுவது அரசனின் மூக்கருகிலும் அரசியின் மூக்கருகிலும் மட்டும்தான். மற்றவர்கள் அரச குடும்பத்தை வணங்கினால் போதும். அமர்னாவின் சாதாரண வீடுகளைத் தோண்டியபோது, பிள்ளைப்பேற்றுக்கும் வீட்டுக் காவலுக்கும் உரிய பெஸ், தவெரெத் போன்ற பழைய தெய்வங்களின் உருவங்கள் கிடைத்தன. கிடைக்காமல் எப்படி?

என் கணிப்பு வேறொன்று. அத்தெனைப் புகழும் நீண்ட பாடலில் இரவைப் பற்றிய வரிகள் வருகின்றன: நீ மறைந்ததும் பூமி செத்தது போல இருண்டு கிடக்கிறது, சிங்கங்கள் குகையை விட்டு வெளியே வருகின்றன, பாம்புகள் கடிக்கின்றன. அவ்வளவுதான். படகு இல்லை, பன்னிரண்டு மணி இல்லை, பாம்பின் வயிற்றில் இளமை திரும்புவது இல்லை. பகலுக்கு அற்புதமான பாடல் எழுதியவர் இரவை வெறும் இருட்டாக விட்டுவிட்டார். இறந்தவர்களோடு ரா நடத்திய அந்த இராப்பயணத்தை நம்பிப் பெற்றோரைப் புதைத்த மக்களிடம், ‘இனி அது கிடையாது’ என்றால் எத்தனை நாள் கேட்பார்கள்? அவர் இறந்து சில ஆண்டுகளுக்குள், துத்தங்காத்தென் என்ற சிறுவன் துத்தங்காமுன் ஆனான். அத்தெனின் பெயர் போய், பழைய தலைமைத் தெய்வமான அமுன் திரும்பி வந்தார். அரசியல் காரணங்கள் ஆயிரம் உண்டு; அமுன் கோயில்களின் செல்வமும் செல்வாக்கும் அவற்றில் பெரியது. ஆனாலும் நான் இந்த இரவுக் கணக்கை விடமாட்டேன்.

கேள்வி: ஞாயிறுக்குப் பின் திங்கள், அதற்குப் பின் செவ்வாய். வானத்தில் இந்த வரிசை எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. பழங்காலத்தவர் ஏழு கோள்களை மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை அடுக்கினார்கள்: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். நாளின் ஒவ்வொரு மணியையும் இந்த வரிசைப்படி ஒரு கோள் ஆளும். முதல் மணிக்கு உரியவர் பெயரே நாளின் பெயர். முதல் மணி ஞாயிறு என்று வைத்து எண்ணுங்கள். இருபத்தைந்தாவது மணி, அதாவது மறுநாளின் முதல் மணி, திங்களுக்கு வரும். அதற்கடுத்த நாள் செவ்வாய்க்கு. விரல் விட்டு எண்ணிப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

கேள்வி: வட இந்தியச் சூரியன் சிலைகள் காலில் பூட்ஸ் அணிந்திருப்பது ஏன்?

குளிர்நாட்டிலிருந்து வந்த உடை அது. குஷாணர் காலம் தொட்டு நடு ஆசியாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்தவர்களின் நீண்ட சட்டையும் முழங்கால் வரை எட்டும் காலணியும் சூரியனுக்கும் ஏறின. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர், சூரியனை வடநாட்டார் உடையில், பாதத்திலிருந்து மார்பு வரை மூடிச் செய்ய வேண்டும் என்றே இலக்கணம் வகுத்துவிட்டார். 13ஆம் நூற்றாண்டின் கோனார்க் சூரியனும் பூட்ஸோடுதான் நிற்கிறார். தெற்கே வரும்போது கழற்றிவிட்டார். தென்னாட்டுச் சிற்பங்களில் வெறுங்கால், இரு கையிலும் தாமரை.

புராணத்தின் விளக்கம் இதைவிடச் சுவையானது. சூரியனின் வெம்மையைத் தாங்க முடியாமல் மனைவி தன் நிழலைத் தன்னிடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். மாமனார் விசுவகர்மா, மருமகனைக் கடைசல் பிடித்து ஒளியைச் செதுக்கிக் குறைக்கிறார். சீவிய தூளில் திருமாலின் சக்கரமும் சிவனின் சூலமும் செய்தாராம். பாதத்தை மட்டும் செதுக்க முடியவில்லை; அங்கே ஒளி குறையவே இல்லை. அதனால் சூரியனின் பாதத்தைச் சிற்பி வடிக்கக் கூடாது. சிற்பிகளுக்கு முன்பே காலணி இருந்தது. காரணம் பிறகு வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன். சடங்குகளிலும் உடைகளிலும் பாதிக்கு மேல் இப்படித்தான்.

கேள்வி: சூரியக் கடவுளுக்குக் கோபம் வந்து வேலைநிறுத்தம் செய்ததாகக் கதை உண்டா?

மிரட்டல் உண்டு, நிறுத்தமும் உண்டு. ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில், தன் மாடுகளைத் தின்றவர்களைத் தண்டிக்காவிட்டால், ‘கீழுலகுக்குப் போய்ச் செத்தவர்களுக்கு ஒளி வீசுவேன்’ என்று ஹீலியோஸ் மிரட்டுகிறான். தெய்வங்களின் அரசன் ஜீயஸ் அவசரமாகச் சமாதானம் செய்கிறார்.

உண்மையாகவே கதவைச் சாத்திக்கொண்டவள் ஜப்பானின் சூரியதேவி அமதெராசு. தம்பி சுசனோ அவளுடைய நெசவுக் கூடத்தின் கூரையைப் பிளந்து, தோலுரித்த குதிரை ஒன்றை உள்ளே எறிந்தான். அவள் பாறைக் குகைக்குள் போய் வாயிலை அடைத்துக்கொண்டாள். உலகம் இருண்டது. தெய்வங்கள் கூடி யோசித்தன. சேவல்களைக் கூவவிட்டார்கள், மரத்தில் ஒரு கண்ணாடியைத் தொங்கவிட்டார்கள். உசுமே என்ற தேவதை கவிழ்த்த தொட்டியின் மேல் ஏறி, ஆடை நெகிழ ஆடினாள். எண்பது லட்சம் தெய்வங்களும் வயிறு குலுங்கச் சிரித்தன. நான் இல்லாதபோது என்ன சிரிப்பு என்று அமதெராசு கதவைக் கொஞ்சம் திறந்தாள். ‘உன்னைவிட உயர்ந்த ஒருத்தி வந்திருக்கிறாள்’ என்று சொல்லிக் கண்ணாடியை நீட்டினார்கள். யார் அந்தப் பிரகாசமானவள் என்று அவள் எட்டிப் பார்க்க, கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். 712ஆம் ஆண்டு எழுதி முடிக்கப்பட்ட கொஜிக்கி என்னும் ஜப்பானிய நூலில் இந்தக் கதை இருக்கிறது. மெழுகுப் பாம்பை மிதித்த எகிப்தியர்கள் கண்ட அதே இருட்டுதான். இவர்கள் சிரித்துச் சமாளித்தார்கள்.

கேள்வி: ஆஸ்டெக்குகள் சூரியனுக்கு மனித இரத்தம் கொடுத்தது வெறும் கொடூரம் அல்லாமல் வேறென்ன?

கொடூரம்தான். அதைத் தத்துவம் பேசி மெழுக எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அவர்கள் மனத்தில் அது கடன் அடைப்பு. கடன் பட்ட கதை இது.

நான்கு சூரியன்கள் அழிந்த பிறகு, இருட்டில் தெய்வங்கள் மெக்சிகோவின் பழைய நகரான தெயோத்திவாக்கானில் கூடுகின்றன. யாராவது ஒருவர் நெருப்பில் குதித்துச் சூரியனாக வேண்டும். தெக்குசிஸ்தேகாத்ல் என்ற செல்வச் செருக்குள்ள தெய்வம் முன்வருகிறது. நான்கு முறை ஓடிவந்து, நான்கு முறையும் நெருப்பின் விளிம்பில் நின்றுவிடுகிறது. உடம்பெல்லாம் புண்ணான நானாவாட்சின் என்ற ஏழைத் தெய்வம் கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிடுகிறது. வெட்கம் தாங்காமல் மற்றதும் பின்னாலேயே குதிக்கிறது. புண்ணுடம்புக்காரன் சூரியன் ஆனான். மற்றவன் அதே பிரகாசத்தோடு எழுந்ததால், ஒரு தெய்வம் அவன் முகத்தில் முயலை விட்டெறிந்து ஒளியை மங்கவைத்தது. அவன் நிலா. நிலவில் முயலைக் கண்டு அதற்குச் சசி என்று பெயர் வைத்த நாட்டிலிருந்து இதைப் படிக்கும்போது எனக்குச் சிலிர்த்தது. பிறகு நிலவை நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கறை யாருக்கும் முயலாகத்தான் தெரியும்.

கதை இன்னும் முடியவில்லை. எழுந்த சூரியன் நகரவில்லை. மற்ற தெய்வங்கள் எல்லாம் தங்கள் உயிரைக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. தெய்வங்களே இறந்து ஓட்டிவிட்ட சூரியனைத் தொடர்ந்து ஓட்டுவது மனிதர் பொறுப்பு என்று முடிவு கட்டினார்கள். 1790இல் மெக்சிகோ நகரின் நடுச்சதுக்கத்தில் தோண்டியெடுத்த மூன்றரை மீட்டர் அகலச் சூரியக் கல்லின் மையத்தில் ஒரு முகம் இருக்கிறது. அதன் நாக்கு ஒரு கல்கத்தி.

கேள்வி: டிசம்பர் 25 உண்மையில் சூரியனின் பிறந்தநாள், கிறிஸ்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்கிறார்களே?

அவ்வளவு எளிதாகத் தீர்ப்பெழுத முடியாது. பேரரசர் ஔரேலியன் 274இல் ‘வெல்லப்படாத சூரியன்’ வழிபாட்டை ரோமில் பெரிதாக நிறுவினார். 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றின் நாட்காட்டியில் டிசம்பர் 25க்கு நேராக ‘வெல்லப்படாதவனின் பிறப்பு’ என்று இருக்கிறது, முப்பது தேரோட்டங்களோடு. அதே தொகுப்பின் வேறொரு பட்டியலில் அதே நாளில் கிறிஸ்து பிறந்தார் என்றும் இருக்கிறது. ஒரே ஏட்டுக்குள் இருவரும். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். உங்கள் நண்பருடன் பந்தயம் கட்டியிருந்தால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாக் கடவுளும் எல்லாப் புராண வீரனும் அடிப்படையில் சூரியனே என்று ஒரு நூலில் படித்தேன். சரியாகத்தான் தெரிகிறது. உங்கள் கருத்து?

அப்படியானால் நெப்போலியனும் சூரியன்தான். 1827இல் ஜான்-பாத்தீஸ்து பெரேஸ் என்ற பிரெஞ்சுக்காரர், நெப்போலியன் என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று ‘நிரூபித்து’ ஒரு சிறு நூல் எழுதினார். பெயரிலேயே அப்பல்லோ இருக்கிறது. மத்தியதரைக் கடலில் ஒரு தீவில் பிறந்தார், அப்பல்லோவைப் போலவே. தாயின் பெயர் லெத்தீசியா. அப்பல்லோவின் தாய் லெத்தோ. நான்கு சகோதரர்கள் நான்கு பருவங்கள். பன்னிரண்டு தளபதிகள் பன்னிரண்டு ராசிகள். கிழக்கே எகிப்தில் எழுந்து மேற்குக் கடலில் மறைந்தார். முடிந்தது! நெப்போலியன் இறந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தபோது எழுதியது இது. அவரைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். எதையும் சூரியனாக்கிவிடும் வித்தையைக் கேலி செய்வதுதான் பெரேஸின் நோக்கம். அதற்குப் பிறகும் அந்தப் பழக்கம் ஓயவில்லை என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் நூலே சாட்சி.

கேள்வி: இத்தனை சூரியக் கடவுளரில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

கெப்ரி. எகிப்தியர்களின் காலைச் சூரியன். நண்பகலில் ரா, மாலையில் அதூம் என்னும் கிழவர், காலையில் கெப்ரி: மனித உடம்பு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் முழுதாக ஒரு சாணிவண்டு. தன்னைவிடப் பெரிய சாணி உருண்டையைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு போகும் பூச்சியைப் பார்த்து, சூரியனையும் ஒருவர் இப்படித்தான் தள்ளிக்கொண்டு வருகிறார் என்று நினைத்த மனிதனைக் கும்பிடத் தோன்றுகிறது. உருண்டைக்குள்ளிருந்து குஞ்சு வண்டு தானாகவே உண்டாகி வருவதாக நம்பினார்கள்; ‘உண்டாதல்’ என்பதற்கான அவர்கள் சொல்லும் வண்டின் பெயரும் ஒரே வேர். சாணியில் தெய்வத்தைக் காணக் கூச்சப்படாத மக்கள்.

இந்த வண்டுகளில் ஒரு வகை, இரவில் பால்வெளி மண்டலத்தின் ஒளிப்பட்டையைப் பார்த்து நேராக உருட்டிச் செல்கிறது என்று 2013இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். அதன் தலைக்கு அட்டைத் தொப்பி மாட்டி வானத்தை மறைத்தால் வழி தடுமாறியது. சூரியன் இல்லாத நேரத்தில் சூரியவண்டு என்ன செய்கிறது என்பது எகிப்தியர்களுக்குத் தெரிந்திருந்தால் எத்தனை சுவர் வரைந்திருப்பார்களோ.

என்னிடமும் ஒன்று இருக்கிறது, கட்டைவிரல் பருமனில், மாக்கல்லில் செய்தது. அருங்காட்சியகக் கடையில் வாங்கிய நகல்தான். மேசையில் உருண்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்போது பதில் எழுதப்படாத உங்கள் கடிதங்கள் காற்றில் பறக்காமல், அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது.